அம்மாவின் மஞ்சள் முடிச்சுப் பணம்: அவர் பெயரில் என்ன செய்யலாம்?

அம்மாபேட்டை மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அம்மா சென்ற தை மாதம் காலமானார். ஏற்காட்டு மலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 1984-இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, 2015-இல் அதே மலையில் ஓய்வு பெற்றவர். இடையில் பள்ளி மாறியதுண்டு, மலை மாறவில்லை. இடமாறுதலில் சேலத்துக்கு இடம் கேட்கும்படி அப்பா சொல்லாத ஆண்டு கிடையாது. "கீழே வர ஆள் வரிசையில் நிற்கிறது. மேலே போக யார் இருக்கிறார்கள்?" என்பார் அம்மா. பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

வீடு, நகை எல்லாம் பிரித்தாகிவிட்டது. அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. அம்மா தனியாக வைத்திருந்த ஒரு சேமிப்புக் கணக்கில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. அதை அவர் நினைவாகச் செலவிட வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம். எதற்கு என்பதில்தான் ஆளுக்கொரு திசை. அண்ணன், அம்மா கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் அவர் பெயரில் கல்வெட்டு வைத்து, ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்கலாம் என்கிறார். தம்பி, கோவிலில் அன்னதானத்துக்கு எழுதிவைத்துவிடலாம் என்கிறான். எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்ல, அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குத் தறி. வீட்டின் முன்கட்டிலேயே குழித்தறி. பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, பக்கவாதம் வந்து நெடுங்காலம் படுக்கையில் இருந்தார். விடியுமுன் எழுந்து, பாட்டிக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, எங்கள் மூவருக்கும் சோறு கட்டி வைத்துவிட்டு அம்மா பஸ்ஸுக்குப் போவார். மாமியார் மருமகள் சண்டை அந்த வீட்டிலும் இருந்தது. பாட்டி வாய் சும்மா இருக்காது. ஆனால் சண்டை போட்டுக்கொண்டே ஊட்டுவார், ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

பக்தி என்றால் அப்படியொரு பக்தி. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி எல்லாம் விரதம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு. ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தெய்வம் என்று வைத்துக்கொண்டு, பஸ் திரும்பும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்வாராம். பிள்ளையார், குலதெய்வம், கோட்டை மாரி, முருகன் என்று அடிவாரத்தில் தொடங்கும். மேலே போகப் போகத் தெய்வங்கள் தீர்ந்துபோகும். மிச்ச வளைவுகளுக்கு, முந்தின நாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்கள். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் அந்தப் பட்டியல் வளைவுகளைவிட நீண்டுவிடும் என்று சிரிப்பார்.

சம்பள நாளன்று பூஜை அறையில் ஒரு தொகையை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பது வழக்கம். பழனிக்கு என்று முடிந்தது. ஒரு ஜூன் மாதம் மலையிலிருந்து ஒரு பையனும் அவன் அப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, கொண்டுபோகப் பெட்டி இல்லை, போர்வை இல்லை. அம்மா உள்ளே போய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பாட்டி படுக்கையிலிருந்தே, "சாமி காசில் கை வைக்கிறாளே" என்று கத்தினார். "சாமி உண்டியல் என்றைக்கும் திறந்துதான் இருக்கிறது, அத்தை. இவன் சேருகிற தேதி நாளையோடு முடிகிறது" என்று அம்மா சொன்னது எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. அதன் பிறகு அந்த முடிச்சு பழனிக்குப் போனதைவிட மலைக்குப் போனதுதான் அதிகம். ஆனாலும் கட்டும்போது சாமி பெயரைச் சொல்லித்தான் கட்டுவார்.

காரியம் முடிந்த பிறகு பீரோவில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. பிறகு பக்கம் பக்கமாகத் தேதி, பெயர், எதற்கு, எவ்வளவு. "விடுதிப் பெட்டி 85." "மூக்குக் கண்ணாடி 240." "அவள் பாட்டிக்கு மருந்து 60." "சாதிச் சான்று, போக வர 34." திரும்பி வந்ததற்கு என்று ஒரு கட்டமே போடவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் பள்ளி ஆண்டு விழா எதற்கும் அம்மா வந்ததில்லை. எங்கள் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டது அப்பாதான். அண்ணனுக்கு அந்தக் கோபம் இன்னும் உண்டு. கல்வெட்டு வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிப்பதிலும் அதுதான் இருக்கிறதென்று நினைக்கிறேன். எங்களிடமிருந்து போனது எங்கே போனது என்று கல்லிலாவது எழுதியிருக்கட்டும் என்கிற எண்ணம். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளிகளில் இப்படி அறக்கட்டளை வைத்த அனுபவம் உள்ளவர்கள், மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு உண்மையில் என்ன தேவை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆத்தூர்:

வணக்கம் அம்மா. உங்கள் தாயாரை நேரில் அறியேன். அவரைப் போன்றவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியர்களுக்கு அவர்கள் வரமும் தலைவலியும் ஒருசேர. வருகைப் பதிவேட்டை நேரத்துக்கு முடிக்க மாட்டார்கள். காரணம் கேட்டால், வராத பிள்ளையைத் தேடிப் போயிருந்தேன் என்பார்கள்.

முதல் மதிப்பெண் பரிசு வேண்டாம். அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நான் பொறுப்பேற்ற ஒரு பள்ளியில் 1970-களில் வைத்த அறக்கட்டளைகள் இருந்தன. வைத்த காலத்தில் அது கௌரவமான தொகை. நான் போனபோது அதன் வட்டியில் ஒரு பேனா வாங்கலாம், அதுவும் சுமாரான பேனா. வைப்புச் சீட்டைப் புதுப்பிக்க யாருக்கும் நினைவில்லை. தலைமையாசிரியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், குடும்பத்திலிருந்து யாரும் கேட்டு வர மாட்டார்கள், கல்வெட்டு மட்டும் சுவரில் இருக்கும். இன்னொன்று, ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை பெரும்பாலும் வீட்டில் கவனிக்க ஆள் உள்ள பிள்ளை. உங்கள் தாயார் வளைவுகளில் பெயர் சொன்னது அந்தப் பிள்ளைக்கு அல்ல.

பொருளாக வாங்கிக் கொடுக்கவும் அவசரப்பட வேண்டாம். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, மலைப்பகுதிக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் அரசே தருகிறது. மதியச் சத்துணவு 1982 முதல் இருக்கிறது. 2022 முதல் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் நன்கொடையாளர்கள் நோட்டும் பென்சிலும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் அறையில் ஒரு காலத்தில் ஜாமென்ட்ரி பெட்டிகள் அடுக்கி வைக்க இடமில்லாமல் கிடந்தன.

இந்தத் திட்டங்கள் எதிலும் வராத செலவுதான் பிள்ளைகளை நிறுத்துகிறது. அந்த நோட்டை எடுத்து இன்னொரு முறை படியுங்கள். எது எது இன்று அரசு தருவதில்லை என்று பென்சிலால் குறியுங்கள். பதில் அதற்குள்ளேயே இருக்கும்.

எது செய்தாலும் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லிச் செய்யுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமைவது அது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தலைமையாசிரியருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

—

செவ்வாய்ப்பேட்டை அடியார்:

தங்கள் தம்பி சொல்வதை இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மையார் விரதம் இருந்தவர், மாவிளக்கு எடுத்தவர், பணத்தைச் சாமி பெயரைச் சொல்லி முடிந்தவர். அவரைச் சமூக சேவகி என்று மட்டும் வைத்துக்கொண்டு, பக்தியை ஓரமாக ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவர் கை எங்கே போனாலும் காணிக்கை என்ற நினைப்போடுதான் போயிருக்கிறது.

கோவில்களில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. எங்கள் கடையிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாளுக்குக் கொடுக்கிறோம். அந்தப் பந்தியில் போய் உட்கார்ந்து பாருங்கள். கொலுசுப் பட்டறையிலிருந்து வந்தவர், மருத்துவமனையில் ஆளைப் படுக்க வைத்துவிட்டு வந்தவர், ஊருக்குப் போகக் காசில்லாதவர் எல்லோரும் வரிசையில் இருப்பார்கள். நீ யார், எந்தச் சான்றிதழ் வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளி, குழு, தீர்மானம் என்று போனால் கேள்வி கேட்காமல் கொடுப்பது நடக்குமா? 3 லட்சமும் வேண்டாம், ஒரு பங்காவது அம்மையார் திதி நாளில் இலை விழும்படி செய்யுங்கள். தம்பி மனமும் ஆறும்.

—

மலைக்காரி:

அக்கா, நான் டீச்சரின் மாணவி. இப்போது சேலத்தில் செவிலியராக இருக்கிறேன். நோட்டில் என் பெயர் கட்டாயம் இருக்கும். என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசைதான், ஆனால் இங்கே போட வேண்டாம்.

முதல் வகுப்பில் சேர்க்கும்போது எங்களுக்கெல்லாம் பிறப்புச் சான்றிதழ் ஏது? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொட்டதும் பல பள்ளிகளில் பிறந்த தேதி என்று மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே பிறந்த நாள். டீச்சர் அப்படிச் செய்ய மாட்டார். என் அம்மாவை வராந்தாவில் உட்கார வைத்துக் கேட்டாராம். "இவள் பிறந்தது சேர்வராயன் திருவிழாவுக்கு முன்னா பின்னா?" பின்பு. "சாமை அறுத்தாயிற்றா?" அறுத்தாயிற்று. "காபிப் பழம் சிவந்துவிட்டதா?" சிவந்துவிட்டது, ஆனால் பறிக்கப் போகவில்லை, வயிறு பெரிதாக இருந்தது. இப்படிக் கேட்டுக் கேட்டுக் கார்த்திகைக்கு வந்து சேர்ந்தார். எனக்கு நவம்பரில் பிறந்த நாள். என் அண்ணன் வேறு பள்ளியில் சேர்ந்தவன், அவனுக்கு ஜூன் 1.

அந்தத் திருவிழாவுக்கு டீச்சர் தவறாமல் வருவார். மே மாதம், பள்ளி விடுமுறை, கோடை விழாக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. அப்படியும் வருவார். உச்சியில் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய திருநீறோடு வெளியே வந்து நிற்பார். 67 கிராமத்து ஜனங்களும் வந்து போகிற இடம். "உன் சின்னவனுக்குக் கை காதைத் தொடுகிறதா, காட்டு பார்ப்போம்" என்று அங்கேயே ஆரம்பித்துவிடுவார். ஜூன் மாதச் சேர்க்கை பாதி சாமி சன்னதியில் முடிந்துவிடும். அடியார் ஐயா சொல்வது சரிதான், பக்தியைத் தனியே பிரித்து எடுக்க முடியாது. எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

இப்போது என்ன தேவை என்று கேட்டீர்கள். வழிச்செலவும் கூட வர ஒரு ஆளும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் இருந்தால் பிள்ளைக்கு எளிது. அப்பா பள்ளிக்கே போகாதவர் என்றால் விசாரணை, உறவினர் சான்றிதழ், பழைய பதிவு என்று இழுக்கும். விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான், ஆனால் கணினி மையத்தில் தட்டச்சு செய்பவர் அப்பா பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொரு முறை கீழே இறங்குவதும் ஒரு நாள் கூலி போவது. மூன்றாவது முறைக்கு எங்கள் ஆட்கள், "படித்தது போதும், பறிக்க வா" என்று சொல்லிவிடுவார்கள்.

சான்றிதழ் கையில் இருந்தால் கதை வேறு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. என் தம்பி மகள் அதில்தான் பொறியியல் படிக்கிறாள், கல்விக் கட்டணம் அரசு கட்டுகிறது. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கதவெல்லாம் திறந்திருக்கிறது, அக்கா. கதவு வரை கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. கலந்தாய்வு நாளன்று அவளைக் கூட்டிப் போக நான் விடுப்பு எடுத்தேன். எல்லோருக்கும் ஓர் அத்தை செவிலியராக இருப்பாளா?

டீச்சர் என் சான்றிதழுக்காக என் அப்பாவோடு அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த ஒருவர் அப்பாவை நீ, வா, போ என்றார். டீச்சர் எழுந்து, "அவர் என் மாணவியின் தகப்பனார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அப்பாவுக்கு நாற்காலி வந்தது. பெட்டி வாங்கிக் கொடுத்ததை அப்பா மறந்திருக்கலாம். அந்த நாற்காலியைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்.

—

கணக்குப்பிள்ளை:

தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

3 லட்சத்துக்கு அறக்கட்டளை பதிவு செய்ய வேண்டாம். பத்திரம், பதிவு, தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு, வரிவிலக்கு வேண்டுமென்றால் வருமான வரித் துறையில் ஒரு பதிவு, கொடுப்பவர்களுக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் இன்னோர் அனுமதி. இந்தத் தொகைக்கு ஆண்டு வட்டி ஏறக்குறைய 20,000 ரூபாய் வரும். அதில் எங்களைப் போன்றவர்களுக்கே கணிசமாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மூவர் பெயரிலும் கூட்டு வைப்பாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுத்துச் செலவிடுங்கள். வட்டியை வங்கி முதல் பெயர்க்காரரின் வருமானமாகத்தான் காட்டும் என்பதால், மூவரில் வருமானம் குறைந்தவர் பெயர் முதலில் இருக்கட்டும். செலவுக்கு அம்மாவைப் போலவே ஒரு நோட்டு போதும். பள்ளிக் கட்டடத்துக்கோ கழிப்பறைக்கோ கொடுக்க நினைத்தால், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி' வழியாக நேரடியாகப் பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். ரசீது வரும். ஆனால் மலைக்காரி சகோதரி சொல்கிற வழிச்செலவுக்கு அது ஒத்துவராது. அதற்குக் கையில் காசு வேண்டும், அதே நாளில் வேண்டும்.

—

அம்மாபேட்டை மகள்:

எல்லோருக்கும் நன்றி. மலைக்காரி எழுதியதை அண்ணனுக்கு அனுப்பாமல் நேரில் போய்ப் படித்துக் காட்டினேன். நாற்காலி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு, "எந்த வருடம்?" என்று கேட்டார். அவருடைய பத்தாம் வகுப்புப் பரிசளிப்பு அன்றா என்று பார்க்கத்தான் கேட்டார், எனக்குத் தெரியும். நோட்டில் தேதி இருக்கிறது. அதே ஆண்டுதான், ஆனால் அதே நாள் இல்லை. அது அவருக்கு ஆறுதலா ஏமாற்றமா என்று முகத்தில் தெரியவில்லை.

ஆத்தூர் ஐயா சொன்னபடி பென்சிலோடு உட்கார்ந்தோம். நோட்டில் இருப்பதில் பெரும்பகுதி இன்று அரசு தருகிறது. அம்மா இருந்தால் இதைப் பார்த்து மகிழ்ந்திருப்பார், பாட்டியிடம் காட்டி ஒரு வார்த்தை சொல்லியும் இருப்பார். மிஞ்சியது போக வர, கண்ணாடி, மருந்து, கூலி போன நாளுக்கு ஈடு. கூலிக்கு ஈடாகக் கொடுத்தது இவ்வளவு இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

முடிவு இது. 50,000 ரூபாய் அன்னதானத்துக்கு. தம்பி சம்மதித்துவிட்டான், அடியார் ஐயா எந்தக் கோவிலில் எப்படிக் கட்டினார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். மிச்சம் 2,50,000 ரூபாய் கூட்டு வைப்பில். முதல் பெயர் என்னுடையது, மூவரில் வருமானம் குறைவு எனக்குத்தான், அதில் போட்டியில்லை. வட்டி முழுவதும் சான்றிதழுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் கீழே இறங்கி வருகிற பிள்ளைகளுக்கும் கூட வருகிற பெற்றோருக்கும். அலுவலகத்துக்குக் கூடப் போவது அண்ணன் வேலை. சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றவர், பொழுது போகவில்லை என்று அண்ணி புலம்புகிறார். உரத்துப் பேசக்கூடியவர், அலுவலகங்களுக்கு அதுவும் தேவைதான்.

கல்வெட்டை அவர் இன்னும் விடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழு ஒப்புக்கொண்டால் குடிநீர்த் தொட்டி பக்கத்தில் சின்னதாக ஒன்று வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். செலவு அவர் கையிலிருந்து.

மலைக்காரி தங்கையே, உன் பக்கத்தைப் படம் எடுத்துத் தனியே அனுப்புகிறேன். உன்னிடம் ஓர் உதவி வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கு என்னென்ன தாள் கேட்கிறார்கள் என்று வரிசையாக எழுதித் தர முடியுமா? ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அதை அச்சடித்து மேலே கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் இப்போதே அவசரப்படுத்துகிறார்.